காத்திருக்காத கன்சோலும் எஸ்டி கார்டும்

பழைய கேம் கன்சோல்களில் கேம், கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியாகச் செருகப்படும். அவற்றுக்கு ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் என்று ஒன்று உண்டு. எவர்டிரைவ் அந்த வகையில் பிரபலமானது. கேம் ஃபைல்களை எஸ்டி கார்டில் ஏற்றி அதில் செருகினால், 1980களின் நின்டெண்டோ என்.இ.எஸ். கூட அவற்றை ஓட்டும். அந்தக் கன்சோலுக்கோ ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது.

அசல் கார்ட்ரிட்ஜில் கேம் பதிந்திருக்கும் ரோம் சிப், கன்சோலின் பிராசஸரோடு நேரடியாக இணைகிறது. பிராசஸர் ஒரு முகவரியைச் சொன்னதும் அங்கே உள்ள பைட்டை ரோம் தந்தாக வேண்டும். என்.இ.எஸ். பிராசஸர் சுமார் 1.79 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒரு சுழற்சி ஏறத்தாழ 560 நானோவினாடிதான். 'கொஞ்சம் பொறு' என்று சொல்லக் கார்ட்ரிட்ஜுக்கு வழியே இல்லை. பதில் தாமதமானால், கம்பியில் அந்த நொடி எது இருக்கிறதோ அதையே பிராசஸர் எடுத்துக்கொள்ளும், கேம் குலைந்துவிடும். போதாததற்கு, படம் வரையும் சிப்பும் தனிக் கம்பிகளில் அதே கார்ட்ரிட்ஜைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

எஸ்டி கார்டால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. தரவை 512 பைட் தொகுதிகளாகத்தான் தரும். சில சமயம் அதற்கே மில்லிவினாடிக் கணக்கில் ஆகும். அதனால் கேம் முழுவதையும் முதலில் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் வேகமான ரேமுக்கு நகலெடுத்துவிடுகிறார்கள். அதன்பின் கன்சோல் கேட்பதற்கெல்லாம் பதில் ரேமிலிருந்தே போகும்.

ஆனால் ரேம் மட்டும் போதாது. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். அதன் மூன்றாம் பாகமோ 384 கிலோபைட். கார்ட்ரிட்ஜில் உள்ள நிரலைப் பார்க்கப் பிராசஸருக்கு இருப்பது 32 கிலோபைட் இடம்தான். ஆகவே தேவைப்படும் பகுதியை அந்த இடத்துக்குள் மாற்றி மாற்றிக் காட்ட, மேப்பர் என்ற தனி சிப்பைக் கார்ட்ரிட்ஜில் வைத்தார்கள். இதில் பல வகைகள் உண்டு. ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜில் எஃப்.பி.ஜி.ஏ. என்ற சிப் இருக்கிறது. அதன் உள்ளிணைப்புகளை வேண்டியபடி மாற்றி அமைக்கலாம். கேமைத் தேர்ந்தெடுத்ததும் அதற்குரிய மேப்பராகவே அது மாறிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான். கேம்களைப் பட்டியலிடும் மெனுவும் கன்சோலில் ஓடும் ஒரு நிரல்தான். அதுவும் கார்ட்ரிட்ஜிலிருந்தே படிக்கப்படுகிறது. கேமுக்காக மேப்பரை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் மெனுவே காணாமல் போகும். அதற்காக மெனு தன் கடைசிச் சில கட்டளைகளை முன்கூட்டியே கன்சோலின் சொந்த ரேமுக்கு நகலெடுத்து, அங்கிருந்தபடி மாற்றத்தை முடித்து, கேமின் தொடக்க முகவரிக்குத் தாவுகிறது. கேமுக்கு, கன்சோல் இப்போதுதான் ஆன் ஆனது போலத்தான் இருக்கும்.

எமுலேட்டரில் இதெல்லாம் தேவையில்லை. அங்கே கன்சோல் முழுவதுமே மென்பொருள். இங்கே படமும் ஒலியும் அசல் சிப்களிலிருந்தே வருகின்றன, அதற்காக இவ்வளவு பாடும் தகும். எல்லா கேமும் ஓடிவிடாது. சூப்பர் நின்டெண்டோவுக்கு 1993இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ், சூப்பர் எஃப்எக்ஸ் என்ற கூடுதல் பிராசஸரையே கார்ட்ரிட்ஜில் சுமந்து வந்தது. அதை அப்படியே உருவாக்கிக் காட்டப் பெரிய எஃப்.பி.ஜி.ஏ. வேண்டும், எளிய ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்களில் அது ஓடாது.