நைதரசன் நீக்கமா, நைத்திரேற்று வளியாக்கமா?

விசுவமடுப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் கிணற்று நீர் பற்றிய கூட்டம். பேச வந்தவர், பற்றீரியாவைக் கொண்டு நிலத்தடி நீரில் "நைதரசன் நீக்கம்" செய்யலாம் என்று நாலைந்து தடவை சொன்னார். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் எழும்பி, "தம்பி, அப்ப எங்கட தண்ணியில நைதரசன் எவ்வளவு கிடக்கு?" என்று கேட்டார். அந்த அம்மாவின் கையிலிருந்த பரிசோதனைத் தாளில் நைத்திரேற்று என்ற சொல்லுக்கு, அதாவது நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வைக்கு, நேரேதான் எண் இருந்தது. நைதரசன் என்று ஒரு வரியும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. இதே சொல்லைத் துண்டுப்பிரசுரங்களிலும் கண்டு சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

இதன் ஆங்கில மூலச்சொல் டீநைட்ரிபிகேசன். பின்னாளில் வெடியுப்பைக் குறிக்க வந்த 'நைட்ரான்' என்ற கிரேக்கச் சொல் இதன் வேர். வெடியுப்பைப் பிறப்பிப்பது என்ற பொருளில் 1790இல் சப்தால் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் நைதரசனுக்குப் பெயர் வைத்தார். 'டீ' என்ற முன்னொட்டு எதிர்ப்பொருள் தருவது. வேர் இவ்வளவுதான்.

குழப்பம் அந்த முன்னொட்டில்தான். அதைக் கண்டதும் மொழிபெயர்ப்பாளர் கை தானாக 'நீக்கம்' என்று எழுதிவிடுகிறது. உப்புநீக்கம் சரி, உப்பு உப்பாகவே வெளியே போகிறது. ஆனால் காட்டை வெட்டுவதைக் காடுநீக்கம் என்று யாரும் சொல்வதில்லை, காடழிப்பு என்கிறோம். என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல் வைத்த காலம் அது.

இங்கே என்ன நடக்கிறது? ஒட்சிசன் இல்லாத இடத்தில் சில பற்றீரியாக்கள் நைத்திரேற்றைக் கொண்டு சுவாசிக்கின்றன. அதற்கு அவற்றுக்குக் காபன் உணவு வேண்டும். வைக்கோல், மரத்தூள், எதனோல் எதுவும் ஆகும். நைத்திரேற்று முதலில் ஒட்சிசன் ஒன்று குறைந்த நைத்திரைற்றாகி, படிப்படியாகக் கடைசியில் நைதரசன் வாயுவாகிக் காற்றோடு சேர்கிறது. காற்றில் 78 வீதம் ஏற்கெனவே அதுதான். ஆக, நைதரசன் இந்த வேலையின் விளைபொருள். அதையே நீக்குகிறோம் என்பது தலைகீழ்.

பாடசாலையில் படித்த 'நைதரசன் இறக்கம்' மண்ணின் பக்கம் நின்று பிறந்த சொல். வெள்ளம் கட்டிய வயலில் போட்ட யூரியாவின் ஒரு பங்கு இப்படித்தான் வாயுவாகிப் போகிறது. கமக்காரனுக்கு அது நட்டம், அங்கே அந்தச் சொல் பொருந்தும். கிணற்றுக்காரனுக்கு அதுவே இலாபம்.

சரி, 'நைத்திரேற்று நீக்கம்' என்றால்? அதைவிட மேல், ஆனால் போதாது. தண்ணீரை மென்சவ்வினூடாக அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரமும் நைத்திரேற்றை நீக்குகிறது. நீக்கியதைக் கழிவுநீரில் செறிவாகச் சேர்த்து வெளியே விடுகிறது, அது திரும்ப நிலத்துக்குள்தான் இறங்கும். பற்றீரியா நைத்திரேற்றையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஊர்ச்சங்கம் எதற்குக் காசு சேர்க்கிறது என்றே தெரியாமல் போகும். 'நைத்திரேற்றுத் தாழ்த்தல்' என்போரும் உண்டு. தாழ்த்தல் என்றால் இரசாயனத்தில் ஒட்சிசனை இழக்கச் செய்வது. தாழ்த்தினால் அமோனியமாகவும் மாறலாமே!

அதனால் நான் சொல்வது நைத்திரேற்று வளியாக்கம். எது போகிறது, என்னவாகப் போகிறது என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. நீளம் என்பார்கள். 'நைதரசன் நீக்கம்' மட்டும் குறுகியதா?

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. காபன் உணவு குறைந்தால் வேலை பாதியில், நைத்திரைற்றில் நின்றுவிடலாம். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரைற்றுக்கு வெறும் 3. கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிக்கச் செய்வது நைத்திரைற்றுத்தான். எழுத்தில் ஒரு கொம்பு வித்தியாசம், தாளில் இரண்டையும் ஒன்றென்று வாசித்துவிடுவோம். நைத்திரேற்று குறைந்துவிட்டது, 'நீக்கம்' முடிந்தது என்று அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் ஆபத்துத்தான், கொதிக்கவைப்பதால் இரண்டில் எதுவும் போகாது. வளியாக்கம் என்று சொல்லிப் பழகியிருந்தால், "முழுக்க வளியாகிட்டுதா, நைத்திரைற்று எவ்வளவு நிக்குது?" என்று அந்த அம்மாவே கேட்டிருப்பார்.