கையடக்க டியூனர்: கூடுதல் குதிரைத்திறன் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் பிக்கப் வாங்குகிறவர்கள் பலருக்கு வண்டி வந்த கையோடு இரண்டு ஆசைகள் வரும்: பெரிய டயர், கூடுதல் பவர். டயருக்குக் கடைக்குப் போக வேண்டும். பவருக்கு வீட்டு வாசலிலேயே வழி இருக்கிறது. செல்போனைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு பெட்டி, அதோடு ஒரு கேபிள். இதுதான் டியூனர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, திரை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். எஸ்சிடி, எட்ஜ், டயாப்லோஸ்போர்ட், சூப்பர்சிப்ஸ் என்று பல பெயர்களில் விற்கிறார்கள். எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை, ஆனாலும் வண்டியின் இழுவை நிஜமாகவே கூடுகிறது. அப்படியானால் அந்த பவர் அதுவரை எங்கே இருந்தது? காசு வாங்கிக்கொண்டு வண்டி விற்ற கம்பெனி அதை ஏன் கொடுக்காமல் வைத்திருந்தது?

உதாரணத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஃபோர்டு எஃப்-150, 2011 மாடல், 3.5 லிட்டர் இக்கோபூஸ்ட் எஞ்சின். ஆறு சிலிண்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இரண்டு டர்போ, 365 குதிரைத்திறன். நம் ஊரில் பிக்கப் என்றால் காய்கறி மூட்டை ஏற்றும் வண்டி. அங்கே அதுவே வேலைக்கு, குடும்பத்துக்கு, வார இறுதியில் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவதற்கு.

இந்த எஞ்சினை ஆள்வது ஒரு சின்ன கம்ப்யூட்டர், ஈசியூ. ஒரு சிலிண்டரில் எத்தனை மில்லிகிராம் பெட்ரோல் தெளிக்க வேண்டும், ஸ்பார்க் பிளக் எப்போது பொறி விட வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. ஒவ்வொரு முறையும் அடிப்படையிலிருந்து கணக்குப் போட அதற்கு நேரம் இல்லை. அதனால் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல அட்டவணை பார்க்கிறது. இந்தப் பக்கம் எஞ்சினின் சுழல்வேகம், அந்தப் பக்கம் சிலிண்டருக்குள் போகும் காற்றின் அளவு, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். அப்படி நூற்றுக்கணக்கான அட்டவணைகள் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கின்றன. டியூனர் செய்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த எண்களில் சிலவற்றை மாற்றி எழுதுகிறது.

அதில் முக்கியமான அட்டவணை இக்னிஷன் டைமிங், அதாவது பொறி விடும் நேரம். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பொறி பட்டவுடன் ஒரேயடியாக வெடித்துவிடுவதில்லை. தீ பிளக்கிலிருந்து கிளம்பி சிலிண்டர் முழுக்கப் பரவ ஒன்றிரண்டு மில்லிவினாடி ஆகும். நமக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு மில்லிவினாடிக்குள், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் 18 டிகிரி சுற்றிவிடும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பொறி விட்டால் காரியம் கெட்டது. அழுத்தம் உச்சத்தைத் தொடும்போது பிஸ்டன் தேவைக்கு மேல் கீழே இறங்கிப் போயிருக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி 12 முதல் 15 டிகிரிக்குள் அழுத்தம் உச்சமடைந்தால்தான் முழு இழுவை கிடைக்கும். அதற்குப் பொறியை முன்கூட்டியே விட வேண்டும்.

எவ்வளவு முன்கூட்டி என்பதில்தான் சிக்கல். கொஞ்சம் அதிகமாகப் போனால், தீ இன்னும் எட்டாத மூலையில் இருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொள்ளும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவர்களுக்கு நடுவே மோதி மோதித் திரும்பும். இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 92.5 மில்லிமீட்டர், அந்த அளவுக்கு அதிர்வு வினாடிக்குச் சுமார் 6,000 முறை வரும். எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும் நாக் சென்சார் அந்த ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். கேட்டதும் ஈசியூ டைமிங்கைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துவிடும். இழுக்காவிட்டால் நாளடைவில் பிஸ்டன் ஓரம் அரிக்கும், ரிங் உடையும்.

நாக்கிங்கைத் தாங்கும் திறனைத்தான் பெட்ரோலின் ஆக்டேன் எண் சொல்கிறது. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்கப் பம்புகளில் 87, 91, 93 என்று எழுதியிருப்பதைப் பார்த்து அங்கே மட்டமான பெட்ரோல் விற்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அளவிடும் முறை வேறு, அவ்வளவுதான். இலங்கையில் 92 என்று விற்பது கிட்டத்தட்ட அவர்களுடைய 87. அவர்களுடைய 93 நம் கணக்கில் 97, 98 வரும்.

சரி, இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ஃபோர்டு கம்பெனி இந்த வண்டியை யாருக்காகச் செய்தது? விலை குறைந்த 87 பெட்ரோலைத் தவிர வேறு எதையும் போடாதவருக்கு. கோடையில் 45 டிகிரி அடிக்கும் ஃபீனிக்ஸ் நகரத்துக்காரருக்கு. கடல் மட்டத்துக்கு 1,600 மீட்டர் மேலே உள்ள டென்வரில், மலை மாநிலங்களில் மட்டும் கிடைக்கும் 85 பெட்ரோலை, போடக் கூடாது என்று தெரிந்தும் போடுகிறவருக்கு. ஐந்து டன் டிரெய்லரை மாட்டிக்கொண்டு மலையேறுகிறவருக்கு. இந்த எல்லோர் கையிலும் எஞ்சின் உத்தரவாதக் காலம் முடியும்வரை உடையாமல் ஓட வேண்டும்.

மலையேறுவது என்று சொன்னேன். அதற்கு ஓர் இடமே இருக்கிறது. அரிசோனாவில் கொலராடோ ஆற்றங்கரையில் டேவிஸ் அணை. அங்கிருந்து கிளம்பும் சாலை 11.4 மைல் தூரத்துக்கு ஏறிக்கொண்டே போகும். இழுவைத் திறனை எப்படி அளப்பது என்று அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த விதி இந்த ஏற்றத்தை வைத்தே எழுதப்பட்டது. வெளியே குறைந்தது 38 டிகிரி வெயில் இருக்க வேண்டும். வண்டிக்குள் ஏசி முழு வேகத்தில் ஓட வேண்டும். பின்னால் முழு எடை டிரெய்லர். இத்தனையோடும் சாதாரண பிக்கப் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காமல் ஏறி முடிக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர், கியர்பாக்ஸ் ஆயில், டர்போ எல்லாம் கொதிநிலையை நெருங்கும் இடம் அது. அட்டவணையின் எண்களை எழுதிய பொறியாளர் இந்த ஏற்றத்தையும் மனதில் வைத்துத்தான் எழுதினார்.

ஆக, ஒளித்துவைத்த பவர் என்று ஒன்றும் இல்லை. இருந்தது இடைவெளி. மோசமான பெட்ரோல், மோசமான வெயில், மோசமான பாரம் மூன்றும் ஒரே நாளில் சேர்ந்து வந்தாலும் எஞ்சின் தப்பிக்க விட்டுவைத்த இடைவெளி. டியூனர் அந்த இடைவெளியைச் செலவு செய்கிறது. டியூனரில் உள்ள '93 பெர்ஃபார்மன்ஸ்' என்ற ட்யூனை, அதாவது மாற்றிய எண்களின் தொகுப்பை, தேர்வு செய்யும்போது, இனி நான் 93 மட்டுமே போடுவேன் என்று எஞ்சினுக்கு வாக்குக் கொடுக்கிறீர்கள். அந்த வாக்கை நம்பி டைமிங் சில டிகிரி முன்னுக்குப் போகிறது. அப்புறம் ஒரு நாள் நெடுஞ்சாலையில் 87 மட்டுமே கிடைக்கும் பம்பில் நிறுத்த நேர்ந்தால், நாக் சென்சார் ஒன்றுதான் துணை.

டர்போ எஞ்சினில் செலவழிக்க இன்னொரு கணக்கும் இருக்கிறது. டர்போவைச் சுழற்றும் புகையில் ஒரு பகுதியை வேஸ்ட்கேட் என்ற கதவு வெளியே விட்டுவிடும். அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் கூடுதலாக மூடிவைத்தால் டர்போ வேகமாகச் சுற்றி அதிகக் காற்றைத் தள்ளும். அதிகக் காற்றுக்கு அதிக பெட்ரோல், அதனால் அதிக இழுவை. டர்போ இல்லாத 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினுக்கு இந்த வழி இல்லை. அது வளிமண்டலம் கொடுக்கும் காற்றைத்தான் குடிக்க முடியும். அதனால்தான் ஒரே டியூனர் இக்கோபூஸ்டில் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தையும், வி8-இல் வெறும் சில சதவீதத்தையும் கொடுக்கிறது. விளம்பரத்தில் பெரிய எண் போட்டிருந்தால் அது எந்த எஞ்சினுக்கு, எந்தப் பெட்ரோலுக்கு என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

வாங்கியவர்கள் சொல்லும் 'ஆளே மாறிவிட்டான்' என்ற புகழ்ச்சியில் ஒரு பங்கு ஆக்சிலரேட்டர் அட்டவணைக்குச் சேர வேண்டியது. இன்றைய வண்டிகளில் பெடலுக்கும், எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவான த்ராட்டிலுக்கும் நடுவே கம்பி இல்லை. பெடலைக் கால்வாசி அழுத்தினால் எவ்வளவு இழுவை என்பதும் ஓர் அட்டவணைதான். அதைப் பாதி என்று மாற்றிவிட்டால் காலை வைத்தவுடன் வண்டி துள்ளும். எஞ்சினின் உச்ச சக்தி துளியும் மாறியிருக்காது.

மைலேஜ் ட்யூன் என்பதை நான் இன்னும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். சீரான வேகத்தில் போகும்போது ஈசியூ ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை விடாமல் பிடித்துவைக்கிறது. சைலன்சர் பாதையில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்த விகிதத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அட்டவணையில் பெட்ரோலைக் குறைத்து எழுதினாலும் சென்சார் அதைத் திருத்திவிடும். மிச்சம் பிடிப்பதெல்லாம் கியர் சீக்கிரம் மாறுவதாலும் பெடல் மந்தமாவதாலும் வருவது. அதை உங்கள் வலது கால் இலவசமாகவே செய்யும்.

பெரிய டயர் போட்டவர்களுக்கு மட்டும் டியூனர் கிட்டத்தட்ட அவசியம் என்று சொல்லலாம். 32 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் போட்டால் சக்கரம் ஒரு சுற்றில் 9 சதவீதம் அதிக தூரம் போகும். ஈசியூவுக்கு அது தெரியாது. மீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 65-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். கியர் மாறும் நேரமும் குழம்பும். டியூனரில் டயர் அளவைத் திருத்தினால் இரண்டும் நேராகும். இதில் எஞ்சினுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

இனி அந்தச் சாக்கெட். 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் 16 ஊசிகள் கொண்ட ஓபிடி-2 சாக்கெட் கட்டாயம். புகைக் கட்டுப்பாட்டில் கோளாறு வந்தால் எந்தப் பட்டறையும் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக வந்த சட்டம் அது. அதற்கு முன்பு ட்யூனிங் என்றால் கம்ப்யூட்டரைக் கழற்றி சிப்பையே மாற்ற வேண்டும். காற்றைக் காப்பாற்ற வைத்த வாசல் வழியாகவே டியூனர்காரர்கள் உள்ளே நுழைந்தது வேடிக்கைதான்.

செருகியதும் டியூனர் வண்டியின் அடையாள எண்ணைப் படிக்கும். ஈசியூ ஒரு புதிர் எண்ணைக் கொடுத்துச் சரியான விடையைக் கேட்கும், விடை தெரிந்தால்தான் எழுத அனுமதி. பிறகு டியூனர் கம்பெனியின் அசல் கோப்பைப் பத்திரமாகத் தன்னுள் சேமித்துக்கொள்ளும். அந்த நொடியிலிருந்து டியூனர் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே கட்டுப்பட்டது. பழைய டியூனரை மலிவாக வாங்கி ஏமாறுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். விற்றவர் அசல் கோப்பைத் தன் வண்டிக்குத் திருப்பி ஏற்றியிருக்காவிட்டால் அந்தப் பெட்டி உங்கள் வண்டியைச் சீண்டாது.

எழுதும் சில நிமிடங்கள்தான் கண்டம். சாவி ஆன், எஞ்சின் ஆஃப். ரேடியோ, விளக்கு, விசிறி எதுவும் ஓடக் கூடாது, சில மாடல்களில் ஃபியூஸைக் கூடக் கழற்றச் சொல்வார்கள். பேட்டரியில் சார்ஜர் மாட்டி வைப்பது நல்லது. பாதியில் மின்சாரம் தளர்ந்தால் நினைவகத்தில் பாதி பழைய எண், பாதி புதிய எண் என்று நின்றுவிடும், வண்டி கிளம்பாது. பெரும்பாலும் மீட்டுவிடலாம், ஆனால் அன்றைய நாள் போச்சு.

பெட்டியோடு வரும் ட்யூன்கள் கடையில் வாங்கும் ரெடிமேட் சட்டைகளின் ரகம் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் வண்டிக்கென்றே வேண்டுமானால் ட்யூனிங் நிபுணருக்குப் பதிவுகளை அனுப்ப வேண்டும். ஆளில்லாத சாலையில் மூன்றாவது கியரில் பெடலை அடிவரை மிதித்து ஓட்டி, அதை டியூனரிலேயே பதிவு செய்து மின்னஞ்சல் அனுப்புவார்கள். ஃபோர்டில் அவர் முதலில் பார்ப்பது ஆக்டேன் கணிப்பு எண்ணை. அது மைனஸ் 1-இல் நின்றால் பெட்ரோல் நன்றாக இருக்கிறது என்று ஈசியூ நம்புகிறது. பிளஸ் பக்கம் நகர்ந்தால் எங்கோ நாக்கிங் கேட்டிருக்கிறது. அடுத்த கோப்பில் அந்த வேகத்துக்குரிய கட்டங்களில் ஒரு டிகிரியைக் குறைத்து எழுதி அனுப்புவார், மறுபடி ஓட்டச் சொல்வார். இந்தப் பொறுமை இருக்கிறவர்களுக்கே டியூனர் முழுப் பயன் தரும் என்பது என் எண்ணம்.

டீசல் பிக்கப்புகளில் கதை அசிங்கமாகிவிட்டது. அங்கே டியூனரை வைத்துப் புகை வடிகட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, அது இருப்பதாக ஈசியூவை நம்பவைத்தார்கள். சுமார் பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இப்படி நடந்ததாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் கணக்குச் சொன்னது. அந்த வண்டிகள் தங்கள் ஆயுளில் கூடுதலாகக் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன். அமெரிக்காவில் இது சட்டவிரோதம், விற்றவர்கள் மீது வழக்குகளும் அபராதங்களும் பாய்ந்தன.

பெட்ரோல் வண்டிக்காரரும் கலிஃபோர்னியாவில் இருந்தால் கவனிக்க வேண்டும். ஈசியூவில் உள்ள மென்பொருளுக்கு ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. அட்டவணையில் ஓர் எண் மாறினாலும் அது மாறிவிடும். 2021 ஜூலை முதல் அந்த மாநிலத்தின் புகைச் சோதனை நிலையங்கள் இதையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. கம்பெனியின் எண்ணாகவோ, மாநிலக் காற்று வாரியம் அனுமதித்த ட்யூனின் எண்ணாகவோ இல்லையென்றால் வண்டி தோல்வி. சோதனைக்கு முந்தைய இரவு அசல் கோப்பைத் திருப்பி ஏற்றிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மென்பொருளை மாற்றி எழுதியவுடன் ஈசியூ தன்னைத்தானே சோதித்துவைத்திருந்த முடிவுகளெல்லாம் அழிந்துபோகும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் சில நாள் ஓட்டிய பிறகுதான் அவை மறுபடி நிரம்பும். நிரம்பாமல் வரும் வண்டியையும் அந்த நிலையம் திருப்பி அனுப்பிவிடும்.