மதிப்பீட்டில் முதலில் வெட்டப்படுவது

அரசுக் கட்டடங்களில் எரிசக்தித் தணிக்கைக்கு, அதாவது மின்சாரம் எங்கே எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிடப் போனால் நான் முதலில் கேட்பது இரண்டு தாள்களை: ஓராண்டு மின்கட்டணப் பட்டியல், கட்டடம் கட்டியபோது போட்ட செலவு மதிப்பீடு. இரண்டும் ஒரே அலுவலகத்தில் கிடைப்பது அபூர்வம். கட்டியவர்கள் பொதுப்பணித்துறையினர், கட்டணம் கட்டுவது அங்கே குடியேறிய துறை. கட்டும்போது மிச்சம் பிடித்தவர் அந்த மின்கட்டணத்தைப் பார்ப்பதே இல்லை.

பெரிய அலுவலகங்கள், மருத்துவமனைகள் போன்றவற்றுக்காக எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகள் 2007இல் வந்தன, 2017இல் திருத்தப்பட்டன; இணைப்புச் சுமை, அதாவது பொருத்தியுள்ள மின்சாதனங்களின் மொத்தத் திறன், 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு அவை பொருந்தும். கூரை, சுவர், ஜன்னல், விளக்கு, குளிர்சாதனம் எல்லாவற்றுக்கும் அதில் குறைந்தபட்சத் தரம் உண்டு. "செலவு கூடும்" என்பதுதான் எங்கும் கேட்கும் பதில். கூடும், உண்மைதான். ஆனால் எந்தக் கட்டத்தில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தத் தொகை பல மடங்கு மாறும்.

நிதி ஒதுக்கீட்டுக்குள் அடக்க மதிப்பீட்டைத் திருத்தும்போது முதலில் வெட்டப்படுவது மொட்டைமாடி வெப்பத்தடுப்புதான். கண்ணுக்குத் தெரியாத வேலை, திறப்பு விழாவில் யாரும் கேட்கப்போவதில்லை. மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் கட்டடத்தின் மேல்தளத்துக்குப் போய்ப் பாருங்கள். கூரையின் அடிப்பக்கம் அனல் வீசும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். பிரிவுக்கு ஒன்றாக ஒன்றரை டன் ஏசி வாங்குவார்கள். பழைய கேபிள் தாங்காது, பேனலை மாற்ற வேண்டும், பிறகு மின்மாற்றி. தொடக்கத்தில் கூரைக்கு மறுத்த பணத்தைவிட அதிகமான தொகை, பராமரிப்பு என்ற தலைப்பில் ஆண்டுதோறும் துண்டு துண்டாகப் போய்க்கொண்டே இருக்கும். இதைத்தான் செலவு என்று நான் சொல்வேன்.

ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தில் எல்லாவற்றையும் இடித்து மாற்ற முடியாது, தேவையும் இல்லை. மின்விசிறியில் தொடங்கலாம். பழைய மின்விசிறிக்கு 75 வாட், பிஎல்டிசி எனப்படும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்டதற்கு ஏறத்தாழ 30 வாட். ஆண்டுக்கு 2,500 மணி நேரம் ஓடினால் ஒன்றுக்கு 112 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 900 ரூபாய். விலையில் 1,500 ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் லாபம். குறைந்த விலைப்புள்ளிக்கே ஒப்பந்தம் என்ற பழக்கத்தில் இந்தக் கணக்கு நுழைவதே இல்லை. ஒப்பந்தப்புள்ளி விவரக்குறிப்பிலேயே வாட் அளவையும் மின்சேமிப்பைக் காட்டும் நட்சத்திரக் குறியீட்டையும் எழுதிவிட்டால், தகுதியுள்ள பொருள்களுக்குள்தான் விலைப் போட்டி நடக்கும். விதிமீறல் எதுவும் இதில் இல்லை. அதிகாரிகள் தயங்கத் தேவையில்லை.

சிறிய வட்டாட்சியர் அலுவலகங்கள் 100 கிலோவாட் வரம்புக்குள் வராது. ஆனால் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உயர் அழுத்த மின் இணைப்பு உள்ள பெரிய கட்டடங்களுக்கு இன்னொன்று. யூனிட் கட்டணம் தவிர, ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சுமைக்கு டிமாண்ட் கட்டணம் என்று தனியாக உண்டு. தமிழ்நாட்டில், அந்த மாதம் மீட்டரில் பதிவான உச்சத் தேவை, மின்வாரியத்திடம் கேட்டுப் பெற்ற ஒப்பந்தத் தேவையில் 90 சதவீதம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் அந்தக் கட்டணம் என்பது நடைமுறை. விளக்கையும் ஏசியையும் மாற்றிச் சுமையைக் குறைத்த பிறகும் ஒப்பந்தத் தேவையைக் குறைக்க விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். யூனிட்டில் மிஞ்சிய பணத்தில் ஒரு பகுதி அங்கே வீணாகிறது. பணி முடிந்ததும் மூன்று மாதப் பட்டியலைப் பார்த்து, உச்சத் தேவை குறைந்தது நிலைத்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, அந்த விண்ணப்பத்தை மின்வாரியத்தில் கொடுத்துவிடுங்கள்.