மோட்டார்வே ஸ்பர்: விரைவுச்சாலைக் கிளை

பெரிய விரைவுச்சாலை ஒன்றிலிருந்து பிரிந்து, பக்கத்து ஊரையோ பாலத்தையோ தொட்டதும் முடிந்துவிடும் குட்டைச் சாலையை பிரிட்டனில் 'மோட்டார்வே ஸ்பர்' என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி.

ஸ்பர் என்றால் முதலில் குதிரை ஓட்டுபவர் குதிகாலில் மாட்டிக்கொள்ளும் குதிமுள். பழைய ஆங்கிலத்திலேயே இருக்கும் சொல். சேவல் காலின் பின்பக்கத்து முள்ளுக்கும் அதே பெயர். பிறகு மலைத்தொடரிலிருந்து பக்கவாட்டில் நீளும் மேட்டுக்கும், பிரதான ரயில் பாதையிலிருந்து பிரியும் கிளைப்பாதைக்கும் வந்தது. சாலைக்கும் அதே பொருளில்தான் வழங்குகிறது.

மோட்டார்வே என்பதைச் சும்மா 'நெடுஞ்சாலை' என்று எழுதினால் போதாது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் இடமில்லாத சாலைகளை அமைக்க 1949இல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி பிரஸ்டன் புறவழிச்சாலை 1958 டிசம்பரில் முதலாவதாகத் திறக்கப்பட்டது. அரை மைல் நீளமே உள்ள கிளைக்கும் இந்தத் தகுதி உண்டு. ஸ்காட்லாந்தின் எம்898 அப்படிப்பட்டது. எம்8 சாலையிலிருந்து பிரிந்து, கிளைடு ஆற்றைக் கடக்கும் எர்ஸ்கின் பாலத்துக்கு வண்டிகளைக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. ஸ்பர் என்ற சொல் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

லண்டனின் எம்41 கதை வேறு. ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கம், வெஸ்ட்வே மேம்பாலச் சாலையிலிருந்து தெற்கே இறங்கி ஹாலந்து பார்க் ரவுண்டானாவில் முடிந்த சாலை அது. நீளம் முக்கால் மைல், அதாவது சுமார் 1.2 கிலோமீட்டர். பார்த்தால் கிளை மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு பெரிய வளையத்தின் துண்டு. லண்டனின் நடுப்பகுதியைச் சுற்றி 'ரிங்வே 1' என்ற விரைவுச்சாலை வளையம் போடத் திட்டமிட்டார்கள்; அதன் மேற்குப் பக்கம் பாட்டர்சீயிலிருந்து ஹார்ல்ஸ்டன் வரை போயிருக்க வேண்டும். வெஸ்ட்வேயுடன் சேர்த்து இந்தத் துண்டு 1970 ஜூலையில் திறக்கப்பட்டது. வீட்டு ஜன்னலை ஒட்டி மேம்பாலம் ஓடுவதைக் கண்ட மக்கள் திறப்பு நாளிலேயே எதிர்த்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. 1973இல் லண்டன் மாநகர சபையைத் தொழிற்கட்சி பிடித்ததும் ரிங்வே திட்டம் கைவிடப்பட்டது. வடக்கே நீள வேண்டிய சாலைக்காக, வெஸ்ட்வேயைச் சந்திக்கும் வடமுனை ரவுண்டானாவில் கட்டிய மொட்டை முனைகள் அப்படியே நின்றுவிட்டன.

1996 ஜூலையில், தெருக்களைக் கார்களிடமிருந்து மீட்கப் போராடிய 'ரீகிளெய்ம் தி ஸ்ட்ரீட்ஸ்' இயக்கத்தினர் ஆயிரக்கணக்கில் எம்41இல் கூடி வண்டிகளை நிறுத்தினார்கள். பொய்க்கால் உருவங்கள் அணிந்திருந்த பெரிய பாவாடைகளுக்கு உள்ளே ஒளிந்துகொண்டு, தாரைத் துளைத்து மரக்கன்றுகள் நட்டார்கள். பாட்டுச் சத்தத்தில் துளைக்கும் சத்தம் கேட்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இணைப்புச் சாலை' என்றால் இரண்டு பெரிய சாலைகளைச் சேர்ப்பது என்றாகிவிடும். 'அணுகுசாலை' நம்மூரில் பெருஞ்சாலைக்குப் பக்கத்திலேயே ஓடுவது. பிரியும் வழிக்குச் சங்கப் பாடல்களில் 'கவலை' என்ற அழகான சொல் உண்டு; இன்று அதற்கு மனக்கவலை என்றே பொருள் கொள்வார்கள். 'விரைவுச்சாலைக் கிளை' என்பதே என் தேர்வு. எம்898ஐ அப்படியே எழுதலாம். எம்41ஐப் பற்றி எழுதும்போது மட்டும் 'கைவிடப்பட்ட வளையச்சாலையின் துண்டு' என்றும் சேர்க்க வேண்டும். 2000இல் அதன் விரைவுச்சாலைத் தகுதி நீக்கப்பட்டு ஏ3220 என்ற எண் வந்துவிட்டதால், இன்றைய சாலையைக் குறிக்க இந்தப் பெயர் பொருந்தாது.