நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி ஏன் இறங்குகிறது?

பழைய கார் வைத்திருப்பவர்கள் என் பட்டறைக்கு வந்து சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டு நாள் எடுக்கலைன்னா செல்ஃப் எடுக்க மாட்டேங்குது." கூடவே, "பேட்டரி புதுசுதான் சார், போன வருஷம்தான் மாத்தினேன்" என்பார்கள். அதற்கு முந்தைய வருஷமும் மாற்றியிருப்பார்கள். அதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

பேட்டரி கடையில் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு "பேட்டரி போயிடுச்சு" என்பது பொய்யில்லை. லெட்-ஆசிட் பேட்டரி அடிக்கடி முழுதாக இறங்கி அப்படியே கிடந்தால், தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. ஆனால் பேட்டரியை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது என்று டெஸ்டருக்குத் தெரியாது. சாவியை எடுத்த பிறகும் எங்கோ கரண்ட் போய்க்கொண்டிருந்தால், அடுத்த பேட்டரிக்கும் அதே கதிதான். காசு கொடுப்பதற்கு முன் இந்தக் கரண்ட் லீக்கை அளந்து பாருங்கள்.

கொஞ்சம் கரண்ட் போவது தப்பில்லை. கடிகாரம், மியூசிக் செட்டின் மெமரி, சென்ட்ரல் லாக் இதெல்லாம் சேர்ந்து 20, 30 மில்லி ஆம்பியர் எடுக்கலாம். 50 வரை கவலை வேண்டாம். அதைத் தாண்டினால் தேட வேண்டும். கணக்கு எளிது. டிக்கியில் ஒரு 5 வாட் பல்ப் அணையாமல் எரிந்தால் ஏறத்தாழ 0.4 ஆம்பியர். ஒரு நாளைக்கு 10 ஆம்பியர் மணி. சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரி, புதிதாகவே இருந்தாலும், நாலாம் நாள் தாங்காது.

அளப்பதற்கு ஒரு மல்டிமீட்டரும் 10-ஆம் நம்பர் ஸ்பேனரும் போதும். முதலில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, கொஞ்ச நேரம் சும்மா விட்டு வோல்டேஜ் பாருங்கள். 12.6 இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பிறகு சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். பாசிட்டிவ் பக்கம் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும், அதனால்தான் நெகட்டிவ். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். இப்போது வண்டி தின்னும் கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

இங்கே சில எச்சரிக்கைகள். மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் தாங்காது. அளந்து முடித்ததும் சிவப்பு வயரை உடனே வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் நேரடி ஷார்ட்தான். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃப்யூஸே கிடையாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அளக்காதீர்கள், ரூஃப் லைட்டின் கரண்டையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றும். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள வண்டியென்றால் எல்லாம் அடங்க அரை மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்காராமல் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

அளவு அதிகமாகக் காட்டினால், மீட்டரை அப்படியே விட்டுவிட்டு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்க்க வேண்டும். எதை உருவும்போது அளவு சட்டென்று விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும். பழைய வண்டியில் விஷயம் இத்தோடு முடிவது அபூர்வம். ஃப்யூஸ் பாக்ஸுக்கு வெளியே வண்டிக்குள் எத்தனை கை புகுந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

அப்படி வந்த ஒரு மாருதி 800. ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்கு எடுப்பார். 0.38 ஆம்பியர், அதாவது 380 மில்லி ஆம்பியர் காட்டியது. ஃப்யூஸ் எல்லாவற்றையும் உருவிப் பார்த்தும் முள் அளவுகூட அசையவில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் வயரைக் கழற்றியும் அதே 0.38. அப்புறம்தான் பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினல் போல்ட்டை உற்றுப் பார்த்தேன். கம்பெனி கேபிளோடு ஒரு மெல்லிய சிவப்பு வயரும் சேர்த்து முறுக்கப்பட்டிருந்தது. நடுவில் ஃப்யூஸ் இல்லை. அது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஒரு ஓட்டை வழியாக உள்ளே போய், மியூசிக் செட்டின் பின்புறம் முடிந்தது.

செட்டில் மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டிய மெமரி லைன். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வர வேண்டிய லைன். பொருத்தியவர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி, ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் ரிமோட் வயரையும் அதிலேயே சேர்த்து டேப் சுற்றிவிட்டார். செட்டைப் பட்டனில் அணைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சீட்டுக்கு அடியில் ஆம்ப் மட்டும் ராப்பகலாக விழித்திருந்தது, தொட்டால் வெதுவெதுப்பு. லைன்களைப் பிரித்துக் கொடுத்ததும் மீட்டர் 0.02-க்கு இறங்கியது.

ஆனால் நான் அவரை அழைத்துக் காட்டியது அதை அல்ல, தகட்டின் அந்த ஓட்டையை. ரப்பர் வளையம் போடாமல் வயரை நுழைத்திருந்தார்கள். இன்ஜின் அதிர்வில் தகட்டின் விளிம்பு இன்சுலேஷனை அறுத்து உள்ளே செம்பு பளபளத்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்து பாடியில் பட்டால், ஃப்யூஸ் இல்லாத வயரில் பேட்டரி மொத்தக் கரண்டையும் கொட்டும். வயர் பழுத்துப் பக்கத்திலிருக்கும் வயர்களையும் சேர்த்து எரிக்கும். பேட்டரி இறங்கியது அவருக்கு நல்ல காலம் என்றுதான் சொல்வேன்.

ஆல்டர்னேட்டருக்குள் கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு லீக்கானாலும் ஃப்யூஸ் பாக்ஸில் எதுவும் தெரியாது. காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்க, ஆல்டர்னேட்டர் மட்டும் சூடாக இருந்தால் அதுதான். இந்த டயோடுகளை நாமே கெடுப்பதும் உண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "சார்ஜ் ஏறுதா பார்" என்று சோதிக்கும் பழக்கம், ஆல்டர்னேட்டருக்கு முன்பிருந்த டைனமோ காலத்தோடு போயிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி டயோடு போகும், சமயத்தில் ஈசியூவும் போகும். ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வரை இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தாலே போதும்.

லீக்குக்கு மற்ற காரணங்கள்: ஒட்டிக்கொண்ட ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்), துருப்பிடித்த கதவு சுவிட்ச், எலி கடித்த வயர், சார்ஜர் சாக்கெட்டில் மாட்டியபடியே விட்ட ஜிபிஎஸ், பேட்டரி மேல் படிந்த ஆசிட் அழுக்கு. கடைசியாகச் சொன்னதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்தால் சரியாகிவிடும், மூடிகள் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுத் தரச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குச் சரி. லீக்கைக் கண்டுபிடிக்காமல் அதைப் போட்டால், வண்டி ஓடும் நேரமெல்லாம் அந்த இன்சுலேஷன் அறுந்த வயர் அங்கேயேதான் இருக்கும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸ் போடுவதும், செம்பு இழையைச் சுற்றிவிடுவதும் அதைவிட மோசம்.

எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டால், வேலைக்கு முன் எத்தனை மில்லி ஆம்பியர் காட்டியது, முடித்த பிறகு எத்தனை என்று கேளுங்கள். இரண்டையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.