ஆட்டோமேட்டா: தானியங்கியா, பொறிப்பாவையா?

வேலூர் சத்துவாச்சாரியில் தெரிந்த தச்சர் ஒருவரிடம் மரக்கோழி ஒன்று செய்யக் கொடுத்திருந்தேன். பெட்டியின் பக்கத்தில் கைப்பிடி. அதைச் சுற்றினால் உள்ளே வட்டம் பிசகிய சக்கரம் ஒன்று, பட்டறைக்காரர்கள் 'கேம்' என்பது, கம்பியை ஏற்றி இறக்கும். மேலே கோழி குனிந்து கொத்தும், நிமிரும். வேலை முடிந்ததும் நாலைந்து முறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது இன்னா சார், பொம்மையா மிஷினா?"

"ஆட்டோமேட்டா" என்றேன். உள்ளிருக்கும் பொறியால் உயிருள்ளதுபோல அசையும் பொம்மைகளுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர்.

"தமிழ்ல சொல்லுங்க."

வாயில் வந்தது 'தானியங்கி'. சொல்லும்போதே அவர் கை இன்னும் கைப்பிடியில் இருப்பதைப் பார்த்துவிட்டேன். தானாக எங்கே இயங்குகிறது? அவர்தானே சுற்றுகிறார்!

சொல்லின் ஊருக்கே போய்ப் பார்ப்போம். ஒன்று என்றால் ஆட்டோமேட்டன், பல என்றால் ஆட்டோமேட்டா. ஆகவே 'ஆட்டோமேட்டாக்கள்' என்று எழுதினால் பன்மைக்குப் பன்மை போட்டதாகிவிடும். கிரேக்கத்தில் 'ஆட்டோ' என்றால் 'தான்'. நம் ஷேர் ஆட்டோவில் இருப்பதும் அதுவே. பின்பாதி 'நினைத்தல்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது; வடமொழி 'மனஸ்' என்பதற்கும் அதே வேர்தான். ஆக, தன் மனம் போல் நடப்பது என்று பொருள். ஹோமரின் இலியட் காப்பியத்தில் விண்ணுலக வாசல் கதவுகள் தாமாகத் திறந்துகொள்ளும். ஹெபஸ்டஸ் என்ற கொல்லர் கடவுள் செய்த முக்காலிகள் சக்கரத்தில் உருண்டு தேவர் சபைக்குத் தாமே போய்த் திரும்பும். இரண்டு இடத்திலும் இந்தச் சொல்தான் வருகிறது.

வடமொழி 'யந்த்ர' நேர் எதிர்த்திசையில் போகிறது. அதன் வேர் 'யம்'. அடக்கு, கட்டுக்குள் வை என்று பொருள். 11ஆம் நூற்றாண்டுப் போஜ மன்னனின் சமராங்கண சூத்திரதாரம் என்ற கட்டடக்கலை நூல், தம் போக்கில் திரியும் நிலம், நீர், தீ போன்ற பூதங்களை அடக்கி நடத்துவதே யந்திரம் என்கிறது. மனம் போல் நடப்பது என்கிறான் கிரேக்கன்; மனம் போல் விடாமல் நடத்துவது என்கிறது வடமொழி. அந்த யந்திரம்தான் தமிழில் எந்திரம், இயந்திரம் ஆனது. 'இயங்கு' என்பதோடு ஒலி ஒத்துப்போவதால் பலர் அதைத் தமிழ் வேர் என்றே நினைத்துவிடுகிறோம்.

இந்த இரண்டையும் விட எனக்குப் பிடித்த விளக்கம் குறளில் இருக்கிறது.

நாண்அகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி யற்று (1020)

மனத்தில் நாணம் இல்லாதவர் நடமாடுவது, மரப்பாவை கயிற்றால் உயிருள்ளதுபோல மயக்குவதைப் போன்றது. முதல் 'நாண்' வெட்கம், அடுத்தது கயிறு. சொல்ல வந்தது அறம்தான், ஆனால் போகிற போக்கில் நம் பொருளுக்கு இலக்கணமும் கிடைத்துவிட்டது: 'உயிர்மருட்டி'. தானாக ஓடுகிறதா, ஒருவர் ஓட்டுகிறாரா என்பது இங்கே கணக்கே இல்லை. பார்க்கிறவன் ஒரு நொடி ஏமாற வேண்டும், அவ்வளவுதான்.

வேலூர்க்காரர்கள் நினைத்துப் பார்க்க ஒரு புலி இருக்கிறது. 1799இல் சீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் நம் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். திப்புவின் அரண்மனையில் எடுத்த மரப்புலியோ லண்டனுக்குப் போனது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழே விழுந்த வெள்ளைக்காரன் மேல் புலி ஏறி நிற்கும். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்தி ஊதும். புலி உறுமும், அவன் கை உயர்ந்து தாழும், தொண்டையிலிருந்து ஓலம் வரும். விலாப்பக்கம் மூடியைத் திறந்தால் 18 சுரங்களுக்கு ஒரு சிறிய ஆர்கன். இதையும் ஆட்டோமேட்டன் என்றே சொல்கிறார்கள். தானாக இயங்குகிற கதை இங்கேயும் இல்லை. உயிர்மருட்டுவது மட்டும் நிச்சயம்.

மாறாக, கோயிலில் தீபாராதனை நேரத்தில் முரசும் மணியும் அடிக்கும் மோட்டார் மேளத்தைப் பாருங்கள். சுவிட்சைப் போட்டதோடு சரி, மீதி அதன் பாடு. தானியங்கி என்ற சொல் அதற்குப் பொருந்தும். பணம் எடுக்கும் பெட்டிக்கும் அதையே வைத்துவிட்டோம். அங்கேயே இருக்கட்டும்.

மிஞ்சுவது 'பொறி'. ஐம்புலனுக்கும் பொறி, தீத்துளிக்கும் பொறி, சோழன் முத்திரையும் புலிப்பொறி. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் குரங்கும் மீன்கொத்தியும் பன்றியுமாகப் பகைவரைத் தாக்கும் பொறிகள் நிற்கின்றன. பெருங்கதையில் உதயணன் என்ற மன்னனைப் பிடிக்க, வயிற்றுக்குள் வீரரை ஒளித்த பொறியானை வருகிறது. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியில் ஏறித்தான் சீவகனின் தாய் விசயை தப்பிக்கிறாள்; வலப்பக்கம் திருகினால் பறக்கும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். செய்ததோ இல்லையோ, திருகும் திசை வரை ஒரு புலவர் யோசித்திருக்கிறார்.

இந்தப் பொறியையும் குறளின் பாவையையும் சேர்த்தால் பொறிப்பாவை. மேல்நாட்டில் எழுதும் பொம்மைக்கும், ஜப்பானில் தேநீர் ஏந்தி வரும் கரகுரி பொம்மைக்கும் இது தாராளமாகப் பொருந்தும். ஆள், விலங்கு உருவம் இல்லாதவற்றுக்கு, உதாரணமாக விளக்கேற்றினால் தொட்டித் தண்ணீரில் படபடவென ஓடும் தகரப் படகுக்கு, 'இயங்கு பொம்மை' போதும். பேச்சில் 'சாவி பொம்மை' என்பதையும் நான் குறை சொல்ல மாட்டேன். சாவி போர்ச்சுக்கீசியச் சொல்தான், ஆனாலும் "அவனுக்கு எவனோ சாவி கொடுத்திருக்கான்" என்று சொல்லும் அளவுக்கு அது நம்முடையதாகிவிட்டது.

அடுத்த வாரம் தச்சரிடம் மயிற்பொறிக் கதையைச் சொன்னேன். ரசித்துக் கேட்டார். "அப்ப இத கோழிப்பொறின்னு எழுதி ஒட்டிடலாமா சார்?"

எழுதலாம். ஆனால் எலிப்பொறி என்றால் எலியைப் பிடிப்பது. மயிற்பொறி என்றால் மயிலைப் போல் இருப்பது. கோழிப்பொறியை எந்தப் பக்கம் சேர்ப்பது? யோசித்தவர் சிரித்துவிட்டார். கோழி திருடன் வந்து விலை கேட்பானாம். பெட்டியின் மேல் பென்சிலால் 'கோழிப் பாவை' என்று எழுதி, இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார்.