ஒரு மூட்டை யூரியாவுக்கு எத்தனை மூட்டை கூட்டெரு?

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மொட்டைமாடியில் மிளகாய் வளர்க்கும் அன்ரி ஒருவர் போன மாதம் ஒரு பொலித்தீன் பையோடு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். “பிள்ளை, சேதனப் பசளை எண்டுதான் சாக்கில போட்டிருக்கு. போட்டு மூண்டு கிழமைக்குள்ள கண்டெல்லாம் மஞ்சளாப் போச்சு. இதுக்குள்ள என்ன நஞ்சு கலந்திருக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

நஞ்சு ஒன்றும் இல்லை. பையைப் பிரித்ததுமே மரக்காலை வாசம் அடித்தது. பாதி உக்கிய மரத்தூள், கொஞ்சம் தும்புத்தூள், பேருக்கு ஒரு பிடி மாட்டெரு. மரத்தூளை உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காபன் மட்டும் போதாது. பெருகுவதற்கு நைதரசனும் வேண்டும். மரத்தூளில் ஒரு பங்கு நைதரசனுக்குச் சில நூறு பங்கு காபன் இருக்கிறது. பற்றாக்குறையை அவை சாடி மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. மிளகாய் வேர் போய்ப் பார்க்கும்போது பானை காலி. காபன் பங்கு 20க்குக் கீழே இருந்தால் எரு செடிக்குக் கொடுக்கும். 30க்கு மேலே போனால் செடியிடமிருந்து பிடுங்கும். கிளிசரியா இலையும் கோழி எருவும் முதல் சாதி, வைக்கோலும் மரத்தூளும் இரண்டாம் சாதி. இரண்டையும் கலந்து, பொறுமையாக உக்கவைத்தால்தான் அது கூட்டெரு. ‘சேதனம்’ என்று சாக்கில் அச்சடித்தது பொய்யில்லை, உயிருள்ள மரத்திலிருந்து வந்த மரத்தூளும் சேதனம்தானே!

இந்த வேலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, “நீங்கள் சேதன விவசாயத்துக்கு ஆதரவா, எதிரா?” என்பது. தேர்தல் மாதிரிக் கேட்கிறார்கள். நான் கணக்குச் சொல்வேன். யூரியாவில் நைதரசன் 46 வீதம். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் உலர்நிறையில் 1.5 வீதம் இருந்தால் சந்தோசம். அதே 50 கிலோவில் முக்கால் கிலோ. ஆக ஒரு மூட்டை யூரியாவுக்கு முப்பது மூட்டை கூட்டெரு. மூன்றில் ஒரு பங்கு ஈரம் என்றால் நாற்பத்தைந்து மூட்டை. அதையும் கொண்டுபோய்ப் போட்டாலும், உள்ளே இருக்கும் நைதரசனில் சிறு பகுதிதான் அந்தப் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். மிச்சம் மண்ணில் தங்கி அடுத்தடுத்த போகங்களில் மெல்ல மெல்ல வெளிவரும்.

அந்த ‘மெல்ல மெல்ல’தான் ஆராய்ச்சி தேவைப்படும் இடம். நெல்லுக்கு நைதரசன் கூடுதலாக வேண்டியது மட்டம் வெடிக்கும் (அடியிலிருந்து பக்கக்கிளை விடும்) நாட்களிலும், கதிர் தண்டுக்குள் உருவாகும் குடலைப் பருவத்தை ஒட்டியும். எரு அந்த நாளில் கொடுக்குமா, அறுவடைக்குப் பிறகு கொடுக்குமா? மண்ணின் வெப்பம், ஈரம், எருவின் வகை எல்லாம் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அந்தந்த மண்ணில் பல போகம் அளந்து பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் ரொத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1843இல் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்னும் நடக்கிறது. ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் ஹெக்டேயருக்கு 35 தொன் தொழுவுரம், பக்கத்துப் பாத்திகளுக்கு இரசாயனப் பசளை, ஒன்றுக்கு எதுவுமே இல்லை. சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே 1978இல் தொடங்கிய ஒப்பீட்டுச் சோதனையின் 21 ஆண்டு முடிவு 2002இல் வெளியானது: சேதன முறையில் விளைச்சல் சராசரியாக 20 வீதம் குறைவு, ஆனால் பசளையும் எரிசக்தியும் 34 முதல் 53 வீதம் வரை குறைவாகவே செலவாகின. இரு கட்சிக்காரரும் தங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அந்த 21 ஆண்டுதான் பெரிதாகத் தெரிகிறது. சரி, அந்த எண்களை அப்படியே கிளிநொச்சிக்குக் கொண்டுவரலாமா என்றால், முடியாது. நம்முடைய வெயிலில் சேதனப் பொருள் சுவிஸ் மண்ணை விட எவ்வளவோ வேகமாகக் கரைந்துபோகும்.

2021 மே மாதம் இங்கே இலங்கையில், நாடு முழுக்கச் சேதன விவசாயத்துக்கு மாறவேண்டும் என்று இரசாயனப் பசளை, பீடைகொல்லி இறக்குமதிக்குத் தடை வந்தது. பெரும்போக விதைப்பு ஒக்டோபரில் தொடங்கிவிடும். இடையில் ஐந்து மாதம். இந்தியாவின் சிக்கிம் மாநிலம் 2003இல் முடிவெடுத்து, முழுச் சேதன மாநிலமாக அறிவிக்கப்பட்டது 2016இல். நாம் ஒரு போகத்தில் செய்யப் பார்த்தோம். கப்பலில் வந்த சேதனப் பசளையின் மாதிரியில் பயிர்களை அழுகவைக்கக்கூடிய எர்வினியா பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தனிமைப்படுத்தல் சேவை சொல்லி, சரக்கு மறுக்கப்பட்டது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் வயலில் பாதி வேலை முடிந்துவிட்டது.

அந்த நாட்களில் அதிகம் பேசப்படாத சங்கதி விதை. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பீஜீ 300, பீஜீ 352 போன்ற இனங்களே நம் வயல்களில் பெருமளவு. 300 என்றால் மூன்று மாத நெல், 352 என்றால் மூன்றரை மாதம். பசளை கொடுத்தால் நன்றாக விளையும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அவை. விதையை அப்படியே வைத்துக்கொண்டு பசளையை மட்டும் மாற்றினால் அது பட்டினி போடுவதுதான். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்கள் குறைந்த பசளையில் தாக்குப்பிடிக்கும். ஆனால் உயரமாக வளரும், நைதரசன் கூடினால் சாய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, மெதுவாகக் கொடுக்கும் எருவுக்கு ஏற்ற நெல்லைத் தேர்ந்தெடுப்பது பல ஆண்டு வேலை. சேதன விவசாய ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதானால் முதலில் அங்கேதான் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

பரிசோதனையில் ஏமாறுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு நானே சாட்சி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வவுனியாவில் சித்தப்பாவின் வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாங்கள் தயாரித்த கூட்டெருவும் மறுபாதிக்கு வழக்கமான பசளையும் போட்டேன். கூட்டெருப் பக்கம் கண்கொள்ளாக் காட்சி. படம் எடுத்து எல்லாருக்கும் காட்டினேன். அறுவடையன்று சித்தப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அந்தப் பக்கந்தானே முந்தி எங்கட மாட்டுப்பட்டி நிண்டது” என்றார். அன்றிலிருந்து எந்தச் சோதனையையும் குறைந்தது நான்கு துண்டுகளாகப் பிரித்து, எதை எங்கே போடுவது என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறேன்.

வீட்டுத்தோட்டக்காரருக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வாங்கிய எருவில் ஒரு பிடியை ஈரமாக்கிப் பைக்குள் காற்றுப்புகாமல் கட்டி ஒரு கிழமை வையுங்கள். திறந்ததும் புளித்த வாடையோ அமோனியா நெடியோ வந்தால் அது இன்னும் உக்கி முடியவில்லை. நல்ல எருவில் மழை பெய்த மண் மணக்கும். அப்புறம் எருக்கலவை ஒரு சாடியிலும் வெறும் தோட்டமண் ஒரு சாடியிலும் பத்துப் பத்துப் பயறு போட்டு முளையை எண்ணுங்கள். நகரக் கழிவிலிருந்தும் விவசாயக் கழிவிலிருந்தும் செய்யும் கூட்டெருவுக்கு எஸ்எல்எஸ் என்ற இலங்கைத் தரம் இருக்கிறது. சாக்கில் அதைத் தேடுங்கள். குப்பையைச் சரியாகப் பிரிக்காமல் செய்த எருவில் பற்றரி, பெயின்ற் வழியாக ஈயமும் கட்மியமும் வரலாம் என்பதால், கீரைக்குப் போடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கோழி எருவை அள்ளிக் கொட்டுவதும் புண்ணியமில்லை. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் ஏறியிருக்கும் நைத்திரேற்று, யூரியாவிலிருந்து வந்தாலும் கோழி எருவிலிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

அன்ரிக்கு நான்கு சாடி வைக்கச் சொன்னேன்: பழைய எரு, அதே எருவோடு கிளிசரியா இலை, வேறு கடை எரு, வெறும் மண். எந்தச் சாடியில் என்ன என்று அடியில் மட்டும் எழுதி, தண்ணீர் ஊற்றும் பேத்திக்குச் சொல்லாமல் விடச் சொன்னேன். நேற்று வட்ஸ்அப்பில் படம் வந்தது. படத்தில் இடமிருந்து மூன்றாவது சாடியில் கண்டு கரும்பச்சையாக நிற்கிறது. கீழே அன்ரியின் குரல் பதிவு: “பிள்ளை, எதில என்ன போட்டனான் எண்டு அடியில எழுதினது தண்ணி பட்டு அழிஞ்சு போச்சு. இப்ப என்ன செய்யிறது?”